காதால் கணினி: ஸ்க்ரீன் ரீடர் பழகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பார்வை உள்ளவர்களுக்குத் திரையைப் பார்த்த கணமே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. மெனு மேலே, கடிகாரம் கீழே, நடுவில் கடிதம். நமக்கு அதே திரை ஒரு நேரத்தில் ஒரு துண்டாக, வரிசையாகத்தான் காதுக்கு வந்து சேர்கிறது.

நான் பார்வையற்றவன். பல வருடங்களாகக் கணினியில்தான் வேலை; என்னைப் போன்ற பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். கணினி ஏதோ பேசுகிறது. எந்த விண்டோவில், எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பதறிப்போய்க் கைக்கு எட்டிய விசையையெல்லாம் அழுத்துகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும்: "இப்போது நான் எங்கே இருக்கிறேன்?" இதைக் கணினியிடம் கேட்கப் பழகிவிட்டால் மற்றவை தானாக வந்து சேரும்.

எந்த ஸ்க்ரீன் ரீடர்?

திரையில் உள்ள எழுத்தையும் பட்டன்களையும் மெனுக்களையும் குரலாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள்தான் ஸ்க்ரீன் ரீடர். திரைவாசிப்பான் என்றும் சொல்கிறோம். விண்டோஸில் பெரும்பாலோர் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று ஜாஸ். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில், 1989இல் வந்தது. பணம் கட்டி வாங்க வேண்டும். அலுவலகங்களில் நிறைய உண்டு. இன்னொன்று என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார், அப்புறம் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசம், மூலநிரலும் திறந்திருக்கிறது. விண்டோஸிலேயே நேரேட்டர் என்று ஒன்று கூடவே வருகிறது. மேக் கணினியில் வாய்ஸ்ஓவர் (கமாண்ட் + எஃப் 5), லினக்ஸில் ஓர்கா.

தொடங்குபவர் என்விடிஏவை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. காசு இல்லாமல் கிடைப்பது ஒரு காரணம்தான். எந்த விண்டோஸ் கணினிக்குப் போனாலும் அதையே போட்டுக்கொள்ளலாம் என்பதால், கற்றது வீணாவதில்லை. கீழே வரும் விசைகள் எல்லாம் விண்டோஸ், என்விடிஏவுக்கானவை.

கணினிக்கு முன், விசைப்பலகை

மௌஸை ஓரமாக வைத்துவிடுங்கள். நமக்கு அது தேவைப்படாது. விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அங்கேதான் உட்கார வேண்டும். வலப்பக்கம் எண்பலகை இருந்தால் அதில் 5இன் மேலும் ஒரு மேடு உண்டு. எங்கே போனாலும் விரல் இந்த மேடுகளுக்குத் திரும்பி வரட்டும்.

தட்டச்சு தெரியாமல் ஸ்க்ரீன் ரீடர் பழகுவது மிகவும் சிரமம். இதில் அவசரப்பட வேண்டாம். என்விடிஏவில் (நிறுவும் வழி அடுத்த பகுதியில்) இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: இன்சர்ட் + 1, அதாவது இன்சர்ட்டைப் பிடித்துக்கொண்டு 1. அதை அழுத்திவிட்டால் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும், அதற்கு என்விடிஏவில் வேலை இருந்தால் அதையும் சொல்லும். கணினியில் ஒன்றும் நடக்காது. மறுபடி இன்சர்ட் + 1 அழுத்தினால் பழைய நிலை. எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் விசைகளைத் தடவிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் இதிலேயே செலவழியுங்கள்.

நிறுவுவது

யாருடைய உதவியும் இல்லாமல் நாமே நிறுவலாம். கண்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் அழுத்துங்கள். நேரேட்டர் பேசத் தொடங்கும். அதன் துணையோடு உலாவியைத் திறந்து, என்விடிஏவை வெளியிடும் என்வி ஆக்சஸின் தளத்திலிருந்து அதை இறக்குங்கள். இறங்கிய கோப்பைத் திறந்து, விண்டோஸ் கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். ஓர் இசை ஒலிக்கும், உடனே என்விடிஏ தற்காலிகமாகப் பேச ஆரம்பிக்கும். நேரேட்டரை அதே மூன்று விசைகளால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோதும். டேப் அழுத்தி ஒப்புதல் பெட்டிக்குப் போய் ஸ்பேஸ் தட்டுங்கள். மீண்டும் டேப், "இந்தக் கணினியில் நிறுவு" என்ற பட்டனில் என்டர்.

முதல் முறை திறக்கும்போது வரவேற்புப் பெட்டி ஒன்று வரும். அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். விசைப்பலகை அமைப்பு டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று கேட்கும். எண்பலகை இல்லாத மடிக்கணினி என்றால் லேப்டாப் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக, அதாவது இன்சர்ட் செய்யும் வேலைக்கு, பயன்படுத்தலாமா என்று கேட்கும். மடிக்கணினியில் இன்சர்ட் விசை எங்காவது மூலையில் ஒளிந்திருக்கும் என்பதால் ஆம் என்று சொல்லிவிடுங்கள். (உண்மையிலேயே கேப்ஸ் லாக் வேண்டுமானால் அதை வேகமாக இரண்டு முறை தட்டினால் போதும்.) கணினியில் உள்நுழைந்ததும் தானே தொடங்கட்டுமா என்ற பெட்டியையும் குறியிடுங்கள்.

குரலை முதலில் மெதுவாக வையுங்கள். வேகமாகக் கேட்கும் பழையவர்களைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். காது பழகப் பழக நீங்களே கூட்டிக்கொள்வீர்கள். கண்ட்ரோல் + இன்சர்ட்டைப் பிடித்துக்கொண்டு இடம் வலம் அம்புகளால் வேகம், ஒலியளவு என்று தேர்ந்து, மேல் கீழ் அம்புகளால் கூட்டிக் குறைக்கலாம். லேப்டாப் அமைப்பில் கூடவே ஷிஃப்டும் சேரும். இன்சர்ட் + 2 தட்டும் எழுத்தைச் சொல்ல வைக்கும், இன்சர்ட் + 3 தட்டி முடித்த சொல்லைச் சொல்ல வைக்கும். ஆரம்பத்தில் இரண்டும் இருக்கட்டும்.

"நான் எங்கே?"

ஃபோகஸ் என்ற சொல்லை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் தட்டும் விசை போய்ச் சேரும் இடம்தான் ஃபோகஸ். திரையில் நூறு விஷயங்கள் இருந்தாலும் ஃபோகஸ் ஒன்றின் மேல்தான் இருக்கும். அது எங்கே என்று தெரியாமல் என்டர் தட்டுவது, எந்தக் கதவு என்று தெரியாமல் திறப்பது மாதிரி.

தமிழில் எழுதும்போது சில ஆங்கில எழுத்துகள் ஒரே மாதிரி வருவதால், எது என்று புரிய ஒரு சொல்லைச் சேர்த்தே சொல்கிறேன்.

இன்சர்ட் + டி, அதாவது டைட்டிலின் டி: எந்த விண்டோவில் இருக்கிறோம் என்று சொல்லும். இன்சர்ட் + டேப்: அந்த விண்டோவுக்குள் ஃபோகஸ் எதன் மேல் இருக்கிறது என்று சொல்லும். இன்சர்ட் + மேல் அம்பு: நிற்கும் வரியைப் படிக்கும் (லேப்டாப் அமைப்பில் என்விடிஏ விசை + எல்). இன்சர்ட் + பி, பேபியின் பி: முன்னால் இருக்கும் விண்டோ முழுவதையும் படிக்கும், திடீரென்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி முளைத்து, அது என்ன கேட்கிறது என்று புரியாதபோது இதுதான் கை கொடுக்கும். பேச்சு போதும் என்றால் கண்ட்ரோல். சற்று நிறுத்தித் தொடர ஷிஃப்ட்.

மற்றவை மறந்தாலும் பரவாயில்லை, முதல் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். எதையாவது அழுத்தி எதிர்பாராதது நடந்தால் கையை எடுங்கள், இன்சர்ட் + டி, இன்சர்ட் + டேப், அப்புறம் அடுத்த விசை. என்னிடம் பழகியவர்களில் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் தனியாக வேலை செய்யத் தொடங்கினார்கள்.

விண்டோஸில் நடமாட்டம்

விண்டோஸ் விசையைத் தட்டி, வேண்டிய செயலியின் பெயரைத் தட்டச்சு செய்து என்டர் கொடுப்பதே மிக எளிய வழி. திறந்திருப்பவற்றுக்குள் மாற ஆல்ட் + டேப், மூட ஆல்ட் + எஃப் 4. டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் + டி, டெஸ்க்டாப்பின் டி. கோப்புகளுக்கு விண்டோஸ் + இ.

ஒரு பெட்டிக்குள் அடுத்த இடத்துக்கு டேப், முந்தைய இடத்துக்கு ஷிஃப்ட் + டேப். பட்டியலுக்குள்ளும் மெனுவுக்குள்ளும் அம்புகள். குறிப்பெட்டியில் (செக்பாக்ஸ்) குறியிட ஸ்பேஸ். மௌஸின் வலது கிளிக்குக்குப் பதில் ஷிஃப்ட் + எஃப் 10. கோப்புப் பட்டியலில் பெயரின் முதல் சில எழுத்துகளை வேகமாகத் தட்டினால் அங்கேயே போய் நிற்கும். இருநூறு கோப்புகளை அம்பால் கடக்க வேண்டியதில்லை. பெயர் மாற்ற எஃப் 2, புதிய கோப்புறைக்கு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என், மேல் கோப்புறைக்கு ஆல்ட் + மேல் அம்பு. இவையெல்லாம் விண்டோஸின் விசைகள், என்விடிஏவினுடையவை அல்ல. எந்த ஸ்க்ரீன் ரீடருக்கு மாறினாலும் கூடவே வரும்.

எழுதுவதும் திருத்துவதும்

நோட்பேடைத் திறந்து பத்து வரி அடியுங்கள். இடம் வலம் அம்பு ஒவ்வோர் எழுத்தாக, கண்ட்ரோலோடு சேர்த்தால் ஒவ்வொரு சொல்லாக, மேல் கீழ் ஒவ்வொரு வரியாகப் படிக்கும். ஹோம், எண்ட் வரியின் இரு முனைகள். கண்ட்ரோல் சேர்ந்தால் ஆவணத்தின் இரு முனைகள். இவற்றோடு ஷிஃப்டைப் பிடித்தால் தேர்வாகும். கண்ட்ரோல் + சி நகல், எக்ஸ் வெட்டு, வி ஒட்டு, இசட் கடைசியாகச் செய்ததை ரத்து செய். இன்சர்ட் + கீழ் அம்பு நிற்கும் இடத்திலிருந்து தொடர்ந்து படிக்கும். லேப்டாப்பில் என்விடிஏ விசை + ஏ.

புதியவர்கள் கோட்டைவிடும் ஓர் இடம், கர்சர் எழுத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. வலது அம்பில் ஓர் எழுத்தைச் சொன்னால் கர்சர் அதற்கு முன்னால் நிற்கிறது என்று பொருள். அப்போது டெலிட் அழுத்தினால் சொன்ன எழுத்து போகும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அதற்கு முந்தையது போகும், எது போனது என்பதையும் சொல்லும்.

வேர்டில் எழுதுபவர்கள் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், கண்ட்ரோல் + ஆல்ட் + 1 கொடுத்து உண்மையான தலைப்பாக்குங்கள். உங்கள் ஆவணத்தைப் படிக்கப்போகும் இன்னொரு பார்வையற்றவர் அந்தத் தலைப்புகளைப் பிடித்துத்தான் தாவுவார்.

இணையம்

ஸ்க்ரீன் ரீடரின் முழு பலமும் தெரிவது இங்கேதான். குழப்பமும் இங்கேதான் அதிகம்.

இணையப் பக்கம் திறந்ததும் என்விடிஏ அதை ஓர் ஆவணம்போல் விரித்து, மேலிருந்து படிக்கத் தொடங்கும். கண்ட்ரோல் தட்டி நிறுத்துங்கள். மேலிருந்து கீழ்வரை அம்பால் போனால் மெனுவிலேயே பொழுது போய்விடும். அதற்குப் பதில் ஒற்றை எழுத்துகளால் தாவலாம். எச் அடுத்த தலைப்பு. 1 முதல் 6 வரை எண்கள் அந்தந்த நிலைத் தலைப்பு. கே இணைப்பு. எஃப் படிவத்தில் நிரப்ப வேண்டிய இடம். இ எழுதும் பெட்டி, எக்ஸ் குறிப்பெட்டி, பட்டனின் பி பட்டன், டேபிளின் டி அட்டவணை, ஜி படம். இணைப்பு அல்லாத நீண்ட எழுத்துக்குப் போக என். மெனுக்களைத் தாண்டிச் செய்தியின் உடலுக்குப் போக இது அருமையாக உதவும். எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் சேர்த்தால் பின்னோக்கிப் போகும். அட்டவணைக்குள் கண்ட்ரோல் + ஆல்ட் பிடித்து அம்புகளை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம், தலைப்பு வரிசை சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லும்.

இன்சர்ட் + எஃப் 7 பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள், பட்டன்கள் எல்லாவற்றையும் பட்டியலாகத் தரும். புதிய தளத்துக்குப் போனால் நான் முதலில் செய்வது இதுதான். தலைப்புகளின் பட்டியலைக் கேட்டுவிட்டால் பக்கத்தின் அமைப்பு மனதில் வந்துவிடுகிறது. தேட வேண்டிய சொல் தெரிந்தால் இன்சர்ட் + கண்ட்ரோல் + எஃப்.

இப்போது குழப்பத்துக்கு வருவோம். மேலே சொன்ன எழுத்துகள் எல்லாம் தாவும் கட்டளைகள் என்றால், பெயரை எப்படித் தட்டச்சு செய்வது? அதற்குத்தான் இரண்டு நிலைகள். படித்து உலாவுவது பிரவுஸ் மோட், எழுதுவது ஃபோகஸ் மோட். எழுதும் பெட்டியில் என்டர் தட்டினால் ஃபோகஸ் மோடுக்கு மாறும். எஸ்கேப் தட்டினால் திரும்பும். இன்சர்ட் + ஸ்பேஸ் எப்போது வேண்டுமானாலும் மாற்றும். மாறும்போது ஒரு சின்ன ஒலி வரும், இரண்டுக்கும் வெவ்வேறு ஒலி. அந்த ஒலிகளைக் காது பிரித்தறியும்வரை கவனமாகக் கேளுங்கள்.

நான் பழகிய புதிதில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பப் போய், பிரவுஸ் மோடிலேயே என் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தின் வேறு வேறு மூலைக்குத் தாவி, கடைசியில் தவறான பட்டனில் என்டர் விழுந்து, நிரப்பியதெல்லாம் அழிந்தது. அன்று முழுக்க மனசே சரியில்லை. நீங்கள் தட்டும் எழுத்து காதில் வராமல் "அடுத்த தலைப்பு இல்லை" என்பதுபோல் ஏதாவது வந்தால் உடனே கையை எடுத்து, இன்சர்ட் + ஸ்பேஸ் அழுத்துங்கள்.

கடவுச்சொல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் நட்சத்திரம் என்று மட்டும் சொல்லும். அது பழுதல்ல, பாதுகாப்பு. சில பட்டன்கள் வெறுமனே "பட்டன்" என்று சொல்லும், பெயரே இருக்காது. தளத்தைச் செய்தவர் பெயரிடாமல் விட்டிருக்கிறார். உங்கள் திறமைக் குறைவு என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். தளத்தாருக்கு எழுதுங்கள். படத்தில் உள்ள எழுத்தைக் கேட்கும் சோதனைகள் வந்தால் அருகில் ஒலிவழிச் சோதனைக்கான பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தமிழ்

என்விடிஏவின் கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். இயந்திரத்தனமான குரல்தான், ஆனால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் தெளிவு போகாது. மனிதக் குரலுக்கு நெருக்கமாக வேண்டும் என்றால் விண்டோஸ் அமைப்புகளில் பேச்சுப் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேருங்கள்; வள்ளுவர் என்ற பெயரில் வரும். பின்பு இன்சர்ட் + கண்ட்ரோல் + எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். மேடு உள்ள ஜே விசையில் ப, எஃப் விசையில் ஃ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே வந்துவிடும். மொழி மாற விண்டோஸ் + ஸ்பேஸ்.

இதை நான் வற்புறுத்த வேறொரு காரணமும் இருக்கிறது. தமிழில் காது ஏமாறும் எழுத்துகள் உண்டு. ந, ன, ண, ல, ள, ழ, ர, ற. செயற்கைக் குரலில் இவற்றின் வேறுபாடு பல நேரம் கேட்பதே இல்லை. ஒரு முறை பள்ளி என்று எழுதுவதாக நினைத்துப் பல்லி என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பக் கேட்டபோதும் எனக்குச் சரியாகவே ஒலித்தது. தமிழ்99இல் ல என் விசையில், ள ஒய் விசையில், ழ சாய்கோட்டு விசையில் இருக்கிறது. ர எம்மில், ற யுவில். காது தவறவிட்டாலும் விரல் தவறவிடாது. ஒலியை ஆங்கிலத்தில் தட்டும் முறையிலோ, அந்த நிச்சயம் கிடைப்பதில்லை.

பிறர் எழுதியதில் சந்தேகம் வந்தால் ஒரு வழி உண்டு. எண்பலகையில் நம்பர் லாக் அணைந்திருக்கும்போது 2ஐ ஒருமுறை அழுத்தினால் கர்சர் நிற்கும் எழுத்தைச் சொல்லும். வேகமாக மூன்று முறை அழுத்தினால் அதன் யூனிகோட் எண்ணை, அதாவது எல்லாக் கணினியிலும் அந்த எழுத்துக்கு உரிய பொது எண்ணை, சொல்லும். லேப்டாப் அமைப்பில் என்விடிஏ விசை + முற்றுப்புள்ளி. ல 2994, ள 2995, ழ 2996. ண 2979, ந 2984, ன 2985. ர 2992, ற 2993. எட்டு எண்கள்தான், மனப்பாடம் செய்துவிடலாம்.

இன்னொரு தொல்லை பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் அடித்த கோப்பில் "அம்மா" என்பது கணினிக்கு எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், நம் காதுக்குப் புரியாத உளறல். யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு எடுத்தால் படிக்கும். அனுப்புபவரிடம் யூனிகோடில் அனுப்பச் சொல்லுங்கள்; கேட்பது நம் உரிமை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம், ஸ்க்ரீன் ரீடர் மௌனமாகிவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளையும் அடையாளம் கண்டு உரையாக்கித் தருகிறது. பிழைகள் இருக்கும், ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

பேச்சு நின்றுபோனால்

ஒருநாள் நிச்சயம் நடக்கும். கணினி ஓடுகிறது, குரல் இல்லை. அணைத்துப் போடாதீர்கள், எழுதிக்கொண்டிருந்தது போய்விடும்.

முதலில் ஹெட்போனும் ஒலியளவும். அடுத்து இன்சர்ட் + எஸ். இது பேச்சு நிலையை மாற்றும் விசை, தெரியாமல் கை பட்டுப் பேச்சை அணைத்திருப்போம். மௌனங்களில் பாதிக்குமேல் இதனால்தான் என்பது என் அனுபவம். நிதானமாக ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள், குரல் திரும்பும். ஒரு செயலியில் மட்டும் மௌனம், மற்றதில் பேசுகிறது என்றால் அந்தச் செயலியில் உறக்க நிலை ஆகியிருக்கலாம்: டெஸ்க்டாப் அமைப்பில் இன்சர்ட் + ஷிஃப்ட் + எஸ், லேப்டாப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். அதற்கும் பேசாவிட்டால் கண்ட்ரோல் + ஆல்ட் + என் என்விடிஏவை மறுபடி தொடங்கும். அதுவும் பலிக்காவிட்டால் கண்ட்ரோல் + விண்டோஸ் + என்டர், நேரேட்டர் வரும். அதை வைத்து வேலையைச் சேமித்துவிட்டு நிதானமாகக் கணினியை மீண்டும் தொடங்கலாம்.

என்விடிஏ மெனுவில் (இன்சர்ட் + என்) கருவிகள் பகுதிக்குப் போனால் எடுத்துச்செல்லும் பிரதி ஒன்றை உருவாக்கலாம். அதை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். உருவாக்கும்போது அமைப்புகளை நகலெடுக்கும் பெட்டியைக் குறியிட்டால் உங்கள் வேகம், மற்ற அமைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். வேறு யாருடைய கணினியிலாவது உட்கார நேர்ந்தால், அங்கே வெளிக்கருவிகளுக்குத் தடை இல்லாதவரை, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கலாம்.